வெளிநாட்டு வருமானம்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பாதி வேலை படிவம் நிரப்புவது. பாஸ்போர்ட், சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல் என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் படியேறி வருவார்கள். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், கட்டம் கட்டமாக நான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தேடி வருகிறவர்களும் உண்டு.

அதிகமாக நான் நிரப்பியது அரசுக் காப்பீட்டு அட்டைக்கான படிவத்தைத்தான். ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், அதோடு ஒரு வருமானச் சான்று. குடும்பத்தின் வருஷ வருமானம் அரசு சொன்ன வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போனால் போட்டோ பிடித்து, கைரேகை வாங்கி, அட்டைக்குப் பதிந்துவிடுவார்கள். பட்டியலில் உள்ள பெரிய ஆபரேஷன் எதுவானாலும் அந்த அட்டையை நீட்டலாம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், காப்பீடு தனி ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் ஆபீஸ் கணக்கில் ரேஷன் அட்டை. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணின் பெயரை அப்பா வீட்டு அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாமியார் வீட்டு அட்டையில் சேர்ப்பதை மட்டும் ஆடி போகட்டும், அறுப்பு முடியட்டும் என்று இழுத்தடிப்பார்கள். அதுவரை அவள் எந்தக் குடும்பத்திலும் இல்லை. கிழவர் இங்கே தனியாகக் கிடப்பார், பெயர் மட்டும் சென்னையில் மகன் அட்டையில் இருக்கும். அந்த மகனின் சம்பளச் சீட்டால் வரம்பு தாண்டிப்போகும். மகனின் கம்பெனி கொடுக்கிற இன்ஷூரன்சோ அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றுவிடும். ரொம்பவும் வசதியானவர்கள் காசு கட்டிப் பாலிசி எடுத்துக்கொள்வார்கள், ரொம்பவும் இல்லாதவர்களுக்கு அட்டை இருக்கும். நடுவில் தொங்குகிறவர்கள்தான் என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்து முழிப்பார்கள்.

எங்கள் ஊரில் நடுவில் தொங்குகிறவர்களில் இன்னொரு வகையும் உண்டு, வெளிநாட்டுக்காரர் வீடு. புருஷன் வளைகுடாவில் இருப்பான். வேலை போய் ஆறு மாதமாக ஒரு பைசா வந்திருக்காது. ஆனால் ஆபீசில் கேட்டால் பெண்டாட்டி நிமிர்ந்து நின்று, "வெளிநாட்டுல இருக்காக, நல்லா இருக்காக" என்று சொல்லிவிட்டு வருவாள். கௌரவம். எழுதுகிறவர் அதை வருமானமாக எழுதிவிடுவார். அந்த மாதிரிப் பெண்களை நான் பிடிபிடியென்று பிடிப்பேன். "வந்தா வந்துச்சுன்னு சொல்லு, வரலைன்னா வரலைன்னு சொல்லு. வீம்புக்குப் பேசிப்பிட்டு இங்க வந்து மூக்கச் சிந்தாத" என்பேன். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். எனக்குள் ஒரு திமிர் இருக்கும், இவர்களைவிட எனக்கு விவரம் தெரியும் என்று.

என் வீட்டுக்காரரும் வெளிநாட்டில்தான் இருந்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் போனார். மூன்று தடவை லீவில் வந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. போன புதிதில் வாரத்துக்கு இரண்டு முறை போன் வரும். ஒருமுறை அவருடைய கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "இங்க எனக்குத் தும்மல் வந்தாக்கூட ஆஸ்பத்திரி ப்ரீ, தெரியுமா?" என்றார். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அந்த அட்டையில் என் பெயர் இல்லை என்பது அப்போது தோன்றவே இல்லை.

கடைசி லீவு முடிந்து போனபிறகு போன் குறைந்தது. பணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு அதுவும் இல்லை. நம்பர் மாறிவிட்டது. அங்கிருந்து வந்த ஒருவர், அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகவும், அங்கே வேறொரு பெண்ணோடு குடும்பமாக இருப்பதாகவும், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுத்தான் போனார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. பொன்னமராவதிப் பக்கம் இருக்கிற என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்லாததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நடிக்கவும் ஆரம்பித்தேன். எங்கள் பஜாரில் பாரின் சாமான் விற்கிற கடைகள் நாலைந்து உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஒரு கடைக்குப் போய் நாலு வாசனைச் சோப்பு, ஒரு சென்ட் பாட்டில், ஒரு பால்பவுடர் டின் வாங்குவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு விலை ஸ்டிக்கரில் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவைத்து, நகத்தால் சுரண்டி எடுப்பேன். மறுநாள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு சோப்பு, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. "அவுக சிநேகிதக்காரர் ஒருத்தர் வந்தாக, குடுத்துவிட்டிருக்காக" என்பேன். எதிர்வீட்டு அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் பாரின் வாசமே தனிதான். அவுக எப்ப வாராகளாம்?" என்று கேட்பார். "லீவு கெடைக்கலையாம்க்கா" என்பேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். புருஷனை இழந்தவர். கதவைத் திறந்தால் நேர் எதிரே அவர் வாசல்தான்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவுக எப்ப வாராக, எப்ப வாராக என்று தெருவே கேட்கும். பொங்கலுக்குக் கேட்பார்கள், கோயில் திருவிழாவுக்குக் கேட்பார்கள், மழை பெய்தால்கூடக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று சொல்ல வேண்டும், போனமுறை சொன்னதோடு அது ஒட்டவும் வேண்டும். இதற்கென்றே ஒரு மூளை தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டால் பேச ஆள் கிடையாது. டிவியைப் போட்டுவிட்டு, அதில் யாராவது பேசிக்கொண்டிருக்க, நான் சாப்பிடுவேன்.

மூச்சு வாங்க ஆரம்பித்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கடைப் படிகளில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. வயசாகுது என்று நினைத்தேன், வயது நாற்பத்தி நாலுதான். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினேன். ஒருநாள் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டினேன்.

எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சின்ன வயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். அதன் மிச்சம்தான் இது என்றார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கெட்டுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும், மதுரையில் செய்வார்கள் என்று பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். "பயப்படாதீங்க. கார்டு இருக்குல்ல? வால்வு அதுலயே வந்துரும்" என்றார்.

"கார்டு இல்ல மேடம்" என்றேன்.

"இல்லையா? என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். ஊருக்கெல்லாம் படிவம் எழுதுகிறவளிடம் கார்டு இல்லை. "சீக்கிரம் எடுத்துட்டு வாங்க. தள்ளிப்போடுற விஷயம் இல்ல இது" என்றார். கார்டு இல்லாமல் அந்த வால்வை என் சம்பளத்தில் வாங்குவது நடக்கிற காரியமில்லை என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நான் ஏன் அட்டை எடுக்கவில்லை என்று இப்போது யோசித்தால் காரணம் ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர் பெண்டாட்டி அந்த வரிசையில் போய் நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்கிற பயம். தனியார் பாலிசிக்கு முயற்சி செய்யாமல் இல்லை. கடைக்குக் கீழே இருந்த ஏஜென்ட் ஒருவரிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். ஏற்கெனவே இருக்கிற நோய் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொன்னாலும் சில வருஷம் காத்திருந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்கும் என்றார். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த வால்வு காத்திருக்காது.

ஆகவே வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரப் பெண்கள் இருவர் வேறு வேலையாக நின்றிருந்தார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"வீட்டுக்காரர் என்னம்மா பண்றார்?"

பத்து வருஷமாக ஊருக்குப் புத்தி சொன்ன வாய் இது. அது சொன்னது, "வெளிநாட்டுல இருக்காக சார்."

"பணம் அனுப்புறாரா?"

முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. "மாசாமாசம் அனுப்பிருவாக சார்" என்றேன்.

"அப்ப வரம்புக்கு மேலல்ல வரும்? கார்டு கெடைக்காதேம்மா."

"ஆமா சார்" என்றேன். ஏதோ அவர் சொன்னதை நானே சரிபார்த்ததுபோல. அவர் விவரத்தை எழுதிக்கொண்டார். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த யாருடைய பைக்கின் மேலோ கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினேன். இவ்வளவு முட்டாளாக ஒருத்தி இருக்க முடியுமா என்று என்னையே திட்டினேன். திட்டக்கூட மூச்சு போதவில்லை.

இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மாதமும் ஒரே நினைப்புதான். என் வீட்டுக்காரர் செத்துப்போயிருந்தால் எனக்கு ஒரு சான்று இருக்கும், அதை வைத்து எல்லாம் நடக்கும். சேர்ந்து இருந்திருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். உயிரோடு இருந்துகொண்டு இல்லாமல் போனவனுக்கு என்ன காகிதம் கொடுப்பார்கள்? கட்டின புருஷன் செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு ஒருநாள் கடைப் படியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், முகத்தில் கேலி இல்லை. அன்று மத்தியானமே வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்து, "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "ஒண்ணு, அவரோட சம்பளச் சான்று அங்கேருந்து வரணும். இல்லன்னா, அவர் உங்களைப் பாத்துக்கலைங்கிறதுக்கு அக்கம்பக்கத்துல விசாரிச்சு எழுதணும். ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வேற வழி இல்லம்மா" என்றார். கணவரால் கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்கினால் மற்றது தானாக நடக்கும் என்றும் சொன்னார்.

அந்தப் படிவம் எனக்குப் புதிதில்லை, எத்தனையோ பேருக்கு நிரப்பியிருக்கிறேன். அன்று கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது எனக்காக எடுத்து எழுதினேன். கைவிடப்பட்ட காலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றவர்களிடம் "எத்தன வருசம்மா? சட்டுனு சொல்லு" என்று அதட்டிக் கேட்ட கட்டம் அது. எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. கடைசியாகப் பணம் வந்ததிலிருந்தா, கடைசியாகப் பேசியதிலிருந்தா, அந்த மனிதர் வந்து டீ குடித்துவிட்டுப் போனதிலிருந்தா? ரொம்ப நேரம் கழித்து எட்டு என்று எழுதினேன். அதன்பிறகு யாரையும் அந்தக் கட்டத்துக்கு நான் அவசரப்படுத்தியதில்லை.

வி.ஏ.ஓ. ஒரு புதன்கிழமை காலையில் தெருவுக்கு வந்தார். என் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். நான் எதிர்வீட்டு அக்காவிடம் முன்னாடியே எதுவும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்று அக்காவுக்கு உண்மை தெரிந்துவிடும், ஐயோ பாவம் என்று மார்பில் அடித்துக்கொள்வார், அதை எப்படித் தாங்கப்போகிறேன் என்பதுதான் எனக்கு முதல்நாளிலிருந்து கவலை.

அக்காவைக் கூப்பிட்டு வி.ஏ.ஓ. கேட்டார். "இவங்க வீட்டுக்காரர் இங்க வந்து எவ்வளவு நாளாச்சும்மா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எட்டு வருசம் ஆச்சுங்க சார். எம் மக கல்யாணத்துக்கு மறுமாசம் போனாக. நீலக் கலர் பெட்டி. அதுக்கப்பறம் வரவும் இல்ல, போனும் இல்ல, காசும் இல்ல. அங்கிட்டு வேற குடும்பம்னு கேள்வி. இந்தப் புள்ள தானா ஒழைச்சுத்தான் சாப்புடுது."

அக்கா நிறுத்தவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, சாட்சி பலமாக இருக்கட்டும் என்று இன்னும் சொன்னார். "வருசா வருசம் பாரின் சோப்புன்னு குடுக்கும் சார். அதெல்லாம் நம்ம பஜார்ல வாங்குறதுதான். எங்க எல்லாருக்கும் தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரியும் "ஆமா சார்" என்றாள். வாசலில் நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. வி.ஏ.ஓ. பாவம், சோப்பை எழுதிக்கொள்ளவில்லை. காகிதத்தை நீட்டினார். அக்கா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பக்கத்து வீட்டுக்காரி அவருக்குக் கீழே எழுதினாள்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். எட்டு வருஷம்! எட்டு தீபாவளி! கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டிக்கர் சுரண்டினேனே, அப்போதெல்லாம் எதிர்வீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் சிரித்துக்கொண்டா இருந்தார்கள்? தெரிந்துகொண்டே எப்ப வாராக, எப்ப வாராக என்று கேட்டு, நான் என்ன கதை கட்டுகிறேன் என்று வேடிக்கை பார்த்தார்களா? வி.ஏ.ஓ. போனதும் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினேன். அக்கா வந்து தட்டினார். "ஏத்தா, கதவத் தொற. நான் என்னத்தத் தப்பாச் சொன்னேன்?" என்றார். நான் திறக்கவில்லை.

சான்று வந்தது. அதைக் காட்டி வருமானச் சான்று, பிறகு கலெக்டர் ஆபீசில் போட்டோ, கைரேகை. நான் பத்து வருஷமாக ஊருக்குச் சொல்லிக் கொடுத்த வழியில் நானே ஒருநாள் நடந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, பதிந்து கொடுத்த சீட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். குடும்ப உறுப்பினர்கள் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. ஒருத்திக்குக் குடும்பம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மதுரையில் சேர்த்தார்கள். அங்கே காப்பீட்டுக்கென்று தனி கவுண்டர். அட்டை, எக்கோ ரிப்போர்ட், கட்டிலில் நான் படுத்திருக்கிற போட்டோ எல்லாவற்றையும் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து, "ஒங்களுக்கு அப்ரூவல் வந்துருச்சும்மா" என்றாள். அவளுக்கு அது அன்றைக்கு இருபதாவது அப்ரூவலாக இருந்திருக்கும். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை.

அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்வரை இருந்தார். பிறகு கடலை பிடுங்குகிற நேரம், ஆள் கிடைக்காது, போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் ஓர் ஆள். புருஷன், மகள், கொழுந்தன், யாராவது. என் ஸ்டூலில் என் பை இருந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமானால் அந்த ஸ்டூலையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், பையை எடுத்து என் காலடியில் வைத்துவிடுவார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, எதிர்வீட்டு அக்கா வார்டு வாசலில் வந்து நின்றார். அறந்தாங்கியிலிருந்து மதுரைக்குத் தனியாக அவர் வந்ததே கிடையாது. கையில் வயர் கூடை. யாரிடமோ கட்டில் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது தெரிந்தது. எண்ணெய்த் தலை வாசம் தெரிந்தது. தூங்குகிறவளை எழுப்பக்கூடாது என்று பேசாமல் இருந்தார். அரைமணி நேரம் இருக்கும். ஒரு தடவை என் போர்வையை இழுத்துவிட்டார். இப்போது கண்ணைத் திற, இப்போது திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கிடந்தேன். திறக்கவில்லை, அவ்வளவு பிடிவாதம். அவர் போனபிறகு பார்த்தால் கூடையில் நாலு இடியாப்பமும் ஒரு டப்பாவில் தேங்காய்ப் பாலும் இருந்தன. டாக்டர் உப்பும் எண்ணெயும்தான் குறைக்கச் சொல்லியிருந்தார், எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. அழுதால் நெஞ்சுத் தையல் வலித்தது, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. படி ஏறுகிறேன். ஒரே தலையணையில் படுக்கிறேன். தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். அதைப் புதுக்கோட்டையிலேயே பார்க்கிறார்கள். ராத்திரி காதை வைத்துக் கேட்டால் புது வால்வு டிக் டிக் என்று அடிக்கிறது. வீட்டில் வேறு சத்தம் இல்லை என்பதால் நன்றாகவே கேட்கிறது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அவுக எப்ப வாராக என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பொங்கலுக்குக் கேட்கவில்லை, திருவிழாவுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வெறுத்தவள்தான் நான். ஆனால் அது போனதோடு தெரு என்னிடம் பேச வைத்திருந்த பேச்சும் போய்விட்டது. "சாப்டாச்சா?" என்பார்கள், "மாத்திரை போட்டாச்சா?" என்பார்கள், சட்டென்று நகர்ந்துவிடுவார்கள். தீபாவளிக்கு நான் பஜாருக்குப் போகவில்லை. கொடுக்கப் பொருளில்லாமல் யார் வீட்டுப் படியேறுவது? எதிர்வீட்டு அக்காவும் நானும் வாசல் கூட்டும்போது ஒருவரை ஒருவர் பார்ப்போம், தலையாட்டிக்கொள்வோம். மதுரைக்கு வந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் அன்று தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சோப்பே தெரிந்தவருக்கு அது தெரியாதா?

போன வாரம் கடைசி வீட்டுக்கு ஒரு புதுக்குடும்பம் குடிவந்தது. காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். அந்த வீட்டுப் பெண்ணும் வந்தாள். சின்னப் பெண், கலகலவென்று பேசுகிறவள். எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்து என்னிடம் கேட்டாள், "நீங்க மட்டுமாக்கா இருக்கீங்க? வீட்டுக்காரரு எங்க?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் காய்கறியைப் பார்த்தார்கள். இப்போது சொல்வதற்கு எனக்குத் தடையே இல்லை, சொல்வதற்கு என்னிடம் சர்க்கார் சான்றே இருக்கிறது. ஆனால் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"வெளிநாட்டுல இருக்காக."

அக்கா எனக்கு ஒரு கை தூரத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக வரவில்லை, காசில்லை, போனில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அந்தக் காகிதம் இன்னும் தாலுகா ஆபீசில் ஏதோ ஒரு காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே, "ஆமா. அங்கிட்டு லீவே குடுக்க மாட்டேங்கிறானுகளாம். போன வருசமே வரவேண்டியது" என்றார்.

"அப்படியா, பாவம்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா காயை எடை போடச் சொல்லிவிட்டு, கறிவேப்பிலை கொசுறாகக் கேட்டு வண்டிக்காரரோடு சண்டை போட்டார். நான் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோய், வெறும் பையோடு வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அக்கா வாசலில் நின்று, "ஏத்தா, தக்காளி வாங்கலையா?" என்று கூப்பிடுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அந்தப் பொய்யை நான் தனியாகச் சொல்லவில்லை.